சிலுவை இப்போது கிடைத்தது. மடம் எப்போதோ கிடைத்துவிட்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அபுதாபியின் சர் பனி யாஸ் தீவில் சுதையால் செய்த பழைய சிலுவை ஒன்று கிடைத்ததைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியை இரண்டு முறை படித்தேன். நம் பத்திரிகைகளில் அதிகம் வராத விஷயம், போட்டதற்கு நன்றி. ஆனால் பாலைவனத் தீவில் கிறிஸ்தவ மடம் கண்டுபிடிப்பு என்று தலைப்பு வைத்திருந்தீர்கள். மடம் இப்போது கண்டுபிடிக்கப்பட்டதல்ல. அது கண்ணில் பட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது தெரியவந்தது வேறொன்று. என்னைக் கேட்டால் மடத்தைவிட அதுதான் பெரிய செய்தி. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தொல்லியல் படித்தவன் இல்லை. நில அளவையாளன், சர்வேயர் என்றால்தான் எல்லோருக்கும் புரியும். 1990-களின் தொடக்கத்திலிருந்து இருபத்திரண்டு வருஷம் வளைகுடாவில் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் அபுதாபியின் மேற்குக் கரையோரத்தில். குழாய்ப்பாதைக்கும் சாலைக்கும் மின்கோபுரத்துக்கும் முளை அடித்துக் கொடுப்பது என் தொழில். வெறும் நிலம் என்று மற்றவர்கள் சொல்கிற இடத்தில், விடிந்ததிலிருந்து இருட்டும்வரை தரையைப் பார்த்தபடி நடந்தவன். அந்த ஒரு தகுதியில்தான் எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சர் பனி யாஸ், அபுதாபி நகரத்துக்கு மேற்கே, கரையிலிருந்து சில கிலோமீட்டர் கடலுக்குள் இருக்கும் தீவு. அமீரகத்தின் முதல் அதிபர் ஷேக் ஸாயித் அங்கே மரங்களை நட்டு, மான்களை விட்டு, உயிரினக் காப்பிடமாக வளர்த்தார். அந்தத் தீவில் பழைய காலத்துத் தடயம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னவரும் அவர்தான். 1992-இல் அபுதாபித் தீவுகள் தொல்பொருள் ஆய்வுக் குழு சர் பனி யாஸ், டல்மா, மராவா ஆகிய தீவுகளில் நடக்கத் தொடங்கியது. நடக்க என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். மேற்பரப்பு ஆய்வு என்பது நடைதான். சில மீட்டர் இடைவெளி விட்டு வரிசையாக நின்று, தலையைக் குனிந்துகொண்டு, ஒரே வேகத்தில் நடப்பது. ஓடு தெரிந்தால் நிற்பது, குறிப்பது, மறுபடியும் நடப்பது.

தீவின் கிழக்குப் பக்கத்தில் அல் கோர் என்ற இடம். அங்கே அவர்கள் கண்டது மடம் இல்லை. தாழ்வான மேடுகள், கல் வரிசைகள், பானையோடுகள், சுதைக் கட்டிகள். முற்றம் வைத்த வீடுகள் போலத் தோன்றிய சில இடிபாடுகள். பழைய குடியிருப்பு என்று தெரிந்தது, அவ்வளவுதான். யாருடையது, எதற்காக என்பது தெரியவில்லை. அடுத்த ஆண்டு தோண்ட ஆரம்பித்தார்கள். 1994-இல் ஒரு சுதைத் துண்டில் சிலுவை தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அந்த நீளமான கட்டடம் தேவாலயம் என்பதும், அதைச் சுற்றி இருந்த அறைகளும் சுவரும் ஒரு துறவிகள் மடம் என்பதும் விளங்கியது.

சரி, அந்த முற்றத்து வீடுகள்? அவை மடத்துக்குச் சற்றுத் தள்ளி இருந்தன. மடத்தைச் சேர்ந்தவையா, அல்லது வேறு ஆட்கள் வேறு காலத்தில் கட்டி வாழ்ந்தவையா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முப்பது வருஷமாக அந்தக் கேள்வி அப்படியே கிடந்தது. 2025 ஜனவரியில் அங்கே மறுபடியும் அகழாய்வு தொடங்கியது. அந்த வீடுகளைத் தோண்டியபோதுதான் நீங்கள் படம் போட்ட சிலுவை கிடைத்தது. சுமார் 27 செ.மீ. நீளம், 17 செ.மீ. அகலம், இரண்டு விரல் கனம்கூட இல்லை. அது கிடந்த இடம்தான் சேதி. அந்த வீடுகளில் வாழ்ந்தவர்களும் அதே சமூகம்தான், மூத்த துறவிகள் தனித்திருந்து தியானிப்பதற்காக ஒதுங்கிய வீடுகள் அவை என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் இப்போது வந்திருக்கிறார்கள். ஒரு மடம் எவ்வளவு பெரியது, அதன் எல்லை எதுவரை போகிறது, உள்ளே வாழ்ந்தவர்கள் எப்படித் தங்களைப் பிரித்துக்கொண்டு வாழ்ந்தார்கள் என்று தெரிவது, மடம் ஒன்று இருந்தது என்று தெரிவதைவிடக் கடினமான வேலை. அதைத்தான் உங்கள் தலைப்பு விட்டுவிட்டது.

அந்தச் சிலுவையின் உருவத்தைப் பற்றி இரண்டு வரி. கீழே படிக்கட்டு போன்ற பீடம், அது இயேசுவைச் சிலுவையில் அறைந்த கொல்கொத்தா மலையைக் குறிக்கிறது. அடியிலிருந்து இலைகள் கிளம்புகின்றன. பரங்கிமலையில் இருக்கும், பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்துப் பொறித்த சிலுவையைப் பார்த்தவர்கள், அனுராதபுரத்தில் கிடைத்த சிலுவையின் படத்தைப் பார்த்தவர்கள், இந்தப் படத்தைப் பார்த்ததும் ஒரு கணம் நிற்பார்கள். நான் நின்றேன். படிபோல் ஏறும் பீடமும், அடியில் விரியும் இலையும் பாரசீகத்தை மையமாகக் கொண்ட கிழக்குத் திருச்சபை போன இடமெல்லாம் கொண்டுபோன உருவம். கடல் வழியாகப் போனவர்கள் அவர்கள். நமக்குச் சம்பந்தமில்லாத ஊர்ச் செய்தி என்று இதை ஓரத்தில் தள்ளிவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி என் தொழில் பக்கம் வருகிறேன். எதுவும் தோண்டாமல், தரையை மட்டும் பார்த்து, இங்கே ஒரு மடம் இருந்திருக்கலாம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? செய்திகளில் டிரோன் பறந்தது, கருவி காட்டியது என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். டிரோன் உதவுகிறதுதான். காந்தப்புலத்தை அளக்கும் கருவியும், தரைக்குள் அலை அனுப்பிப் பார்க்கும் ரேடாரும் உதவுகின்றன. ஆனால் எங்கே பறக்கவிடுவது, எங்கே இழுத்துக்கொண்டு நடப்பது என்பதைக் கண்தான் முடிவு செய்கிறது.

நண்பகலில் அந்தக் கரையோரத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சப்கா என்கிற உப்புத்தரை வெள்ளையாகத் தகதகக்கும். கானல் எழும்பி, இருநூறு மீட்டர் தள்ளி நிற்கிற ஸ்டாஃப், அதாவது எங்கள் அளவுகோல், தண்ணீருக்குள் நிற்பதுபோல் நெளியும். லெவல் எடுக்கவே முடியாது. ஆகவே நாங்கள் விடியலிலேயே கிளம்பிவிடுவோம். அந்த முதல் அரைமணி நேரம் தரை வேறு தரை. சூரியன் தொடுவானத்தை ஒட்டி இருக்கும்போது நான்கு விரல் உயர மேட்டுக்கும் ஒரு முழ நிழல் விழும். பகலில் சமதளமாகத் தெரிந்த இடத்தில் கோடுகள் எழுந்துவரும். ஒரு கோடு, அதற்குச் சரியாக நேர்கோணத்தில் இன்னொரு கோடு. காற்று மணலைக் குவிக்கும், வளைக்கும், வரிவரியாக்கும். நேர்கோணம் மட்டும் அதற்கு வராது. நேர்கோணம் கண்ணில் பட்டால் அங்கே மனிதக் கை பட்டிருக்கிறது. சூரியன் கொஞ்சம் ஏறியதும் அந்தக் கோடுகள் கண் முன்னாலேயே கரைந்துவிடும். இதை நான் எத்தனையோ காலைகளில் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு ஸ்டாஃபைத் தூக்கிக்கொண்டு அடுத்த முளைக்குப் போயிருக்கிறேன்.

கோடு தெரிந்த பிறகு ஓடுகளைப் பார்ப்பார்கள். இந்த மடங்கள் இருந்த காலத்து இடங்களில் பச்சையும் நீலமும் கலந்த மெருகு பூசிய ஓடுகள் வரும். உள்பக்கம் கருப்பாகத் தார் பூசிய நீண்ட ஜாடிகளின் துண்டுகள் வரும். எண்ணெயும் மதுவும் கசியாமல் கப்பலில் போவதற்காக அப்படிப் பூசினார்கள். ஆனால் இந்த ஓடுகள் முத்துக்குளிப்பவர் ஊரிலும் கிடைக்கும், வியாபாரி வீட்டிலும் கிடைக்கும். துறவிக்கென்று தனி ஓடு கிடையாது.

அப்புறம் திசை. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, சர்வேயருக்குச் சட்டென்று புரியும். தேவாலயம் கிழக்கு நோக்கியது. பலிபீடம் கிழக்கு முனையில். அமீரகத்திலிருந்து மக்கா மேற்கே, கொஞ்சம் தெற்குச் சாய்வில் இருக்கிறது. ஆகவே பழைய பள்ளிவாசலும் பழைய தேவாலயமும் ஏறத்தாழ ஒரே கோட்டில்தான் படுத்திருக்கும். காம்பஸை வைத்துச் சுவரின் திசையை மட்டும் அளந்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. முனையைப் பார்க்க வேண்டும். பள்ளிவாசல் பெரும்பாலும் வடக்கு தெற்காக அகன்று, மேற்குச் சுவரின் நடுவில் மிஹ்ராபின், அதாவது தொழுகைத் திசையைக் காட்டும் மாடத்தின், சின்னப் புடைப்போடு இருக்கும். கிழக்குத் திருச்சபையின் கோயில்கள் கிழக்கு மேற்காக நீண்டு, கிழக்கு முனை மூன்றாகப் பிரிந்திருக்கும்: நடுவில் தூயகம், இருபுறமும் சிறு அறைகள். மண் மூடிய மேட்டில் அந்த மூன்று பிரிவு தெரிந்தால் ஆய்வாளர் உட்கார்ந்துவிடுவார். அப்போதும் அவர் எழுதுவது 'தேவாலயமாக இருக்கலாம்' என்றுதான்.

தேவாலயம் இருந்தாலே மடம் ஆகிவிடாது என்பது அடுத்த சிக்கல். குடும்பங்கள் வாழ்ந்த ஊரிலும் கோயில் இருந்திருக்கும். மடம் என்று சொல்ல வேறு சில வேண்டும். ஒரே மாதிரிச் சிற்றறைகள், சேர்ந்து சாப்பிடும் கூடம், தண்ணீர்த் தொட்டி, பொது அடுப்பு, எல்லாவற்றையும் வளைத்து ஒரு சுற்றுச்சுவர். ஈரானின் கார்க் தீவில், 1959-60-இல் ரோமான் கிர்ஷ்மன் தோண்டிய இடத்தில், கோயிலைச் சுற்றி அறைகள் வரிசையாக இருந்ததால் சந்தேகத்துக்கே இடமில்லை. எல்லா இடமும் அப்படி வாய்க்காது. உம் அல் குவைனின் சினியா தீவைப் பாருங்கள். அங்கே ஒரு மடம் இருந்ததை 2022 நவம்பரில் அறிவித்தார்கள். அமீரகத்தில் அது இரண்டாவது. கோயில், தண்ணீர்த் தொட்டி, அப்பம் சுட்ட அடுப்புகள், சாப்பாட்டுக்கூடம் எல்லாம் இருக்கின்றன. பக்கத்திலேயே முற்றத்தைச் சுற்றி நான்கு அறைகள் கொண்ட தனி வீடு ஒன்று. அது மடாதிபதியின் வீடாகவோ ஆயரின் வீடாகவோ இருக்கலாம் என்கிறார்கள். இவ்வளவு தோண்டிய பிறகும் இருக்கலாம் என்றுதான் சொல்கிறார்கள், கவனியுங்கள். மறு வருஷம் அதே தீவில் முத்துக்குளிப்பவர்களின் ஊர் ஒன்றும் வெளியே வந்தது. ஊரும் மடமும் ஒரு தீவில் பக்கத்துப் பக்கத்தில். மேலே கிடக்கும் ஓடுகளை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல யாரால் முடியும்?

இந்த 'இருக்கலாம்' என்ற சொல்லை நம் பத்திரிகைகள் வெட்டிவிடுகின்றன. தலைப்பில் இடம் போதவில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். சர் பனி யாஸ் மடத்தை முதலில் ஆறாம், ஏழாம் நூற்றாண்டு என்று கணித்தார்கள். அதாவது இஸ்லாம் வருவதற்கு முன்பும், அது வந்த சமயத்திலும். அப்படியென்றால் கதை எளிது: இஸ்லாம் வந்தது, மடம் மூடியது. 2008-இல் ராபர்ட் கார்ட்டர் என்ற ஆய்வாளர் அந்த ஓடுகளை மறுபடியும் எடுத்துப் பார்த்தார். அவை ஏழு, எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று காட்டினார். குவைத்தின் ஃபைலகா தீவிலிருக்கும் அல் குசூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பின் காலமும் அதுபோலப் பின்னால் நகர்ந்தது. கதையே திரும்பிவிட்டது. இஸ்லாம் பரவிய பிறகும் பல தலைமுறைகளுக்கு அந்தத் தீவுகளில் மணி நேரம் தவறாமல் ஜெபித்துக்கொண்டு துறவிகள் இருந்திருக்கிறார்கள். அவர்களை யாரும் விரட்டியதற்கான தடயம் இல்லை. எரித்ததும் இல்லை, இடித்ததும் இல்லை. கட்டடங்கள் மெல்ல மெல்ல மண்ணுக்குள் போயிருக்கின்றன. எழுத்துச் சான்றும் இதோடு ஒத்துப்போகிறது. 676-இல் இன்றைய சவூதியின் தாரூத் தீவிலுள்ள தாரீனில் திருச்சபைப் பேரவை கூடியது. கிழக்குத் திருச்சபையின் தலைவர் முதலாம் கிவர்கிஸ் நேரில் வந்து நடத்தினார், பேத் கத்ராயே என்று அவர்கள் அழைத்த வளைகுடாக் கரைப் பகுதியின் ஆயர்கள் கலந்துகொண்டார்கள். இன்றும் உலகமெங்கும் துறவிகள் படிக்கிற நினிவே ஈசாக்கு அந்தப் பகுதியில் பிறந்தவர்தான். ஓட்டின் விளிம்பை ஒருவர் திருப்பிப் பார்த்ததில் ஒரு நூற்றாண்டு இடம் மாறியது. முதல் கணிப்பையே முடிவு என்று அச்சடித்து விட்டிருந்தால், அதைத் திருத்த நமக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்கும்?

ஊர்ப் பெயரைக் கேட்பதும் கள ஆய்வில் ஒரு பகுதி. பஹ்ரைனின் முஹர்ரக் தீவில் சமாஹிஜ் என்ற ஊர், அதை ஒட்டி அத் தைர் என்ற ஊர். தைர் என்றால் அரபியில் மடம். அந்தக் கிறிஸ்தவச் சமூகம் மறைந்து பல நூற்றாண்டு ஆன பிறகும் பெயர் போகவில்லை. சமாஹிஜில் பழைய பள்ளிவாசல் ஒன்றின் இடிபாடு இருந்த மேட்டை 2019-இலிருந்து தோண்டினார்கள். கீழே எட்டு அறைகள் கொண்ட கட்டடம், சுதைச் சிலுவைகள். நான்காம் நூற்றாண்டின் நடுவிலிருந்து எட்டாம் நூற்றாண்டின் நடுவரை ஆட்கள் புழங்கிய இடம். மடமாகவும் இருக்கலாம், ஆயரின் இல்லமாகவும் இருக்கலாம். சவூதியின் ஜுபைல் தேவாலயத்தின் கதை வேறு. மணலில் சிக்கிய வண்டியை மீட்கத் தோண்டியவர்கள் 1986-இல் அதைக் கண்டார்கள் என்று சொல்வார்கள். வண்டி பத்தடி தள்ளிச் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

அப்படி யோசிப்பதற்குக் காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலம். மேற்குக் கரையோரத்தில் ஒரு குழாய்ப்பாதைக்கு மையக்கோடு போட்டுக்கொண்டிருந்தோம். நானும் இரண்டு உதவியாளர்களும். காலையில் நான் சொன்ன அந்தக் கோடுகளை ஒரு தாழ்ந்த மேட்டில் பார்த்தேன். ஒரு பக்கம் பதினைந்து, இருபது அடி இருக்கும். உள்ளே குறுக்கே இன்னொன்று. ஸ்டாஃப் பிடித்துக்கொண்டிருந்த வங்காளதேசத்துப் பையன் காலடியிலிருந்து ஒரு ஓட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். உள்ளங்கை அளவு. மண்ணைத் தட்டியதும் மயில் கழுத்து நிறம். விளிம்பு லேசாக வெளியே மடிந்திருந்தது. அதன் அடியில் விரல் நகத்தால் அழுத்தியதுபோல் சின்னச் சின்னப் பள்ளங்கள். மெருகு ஒரு பள்ளத்தில் வழிந்து துளியாக உறைந்து நின்றது. செய்தவன் அடுப்பிலிருந்து எடுத்த அன்றைக்கு எப்படி நின்றதோ அப்படியே. இரண்டு பேரும் அதை மாற்றி மாற்றிப் பார்த்தோம். அழகாக இருக்கிறது அண்ணா என்று அவன் உடைந்த இந்தியில் சொன்னான். நான் அதைக் கருவிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டேன்.

மேட்டைப் பற்றி அன்று மாலை முகாமில் மேலதிகாரியிடம் சொன்னேன். மையக்கோட்டை மாற்றினால் நாள் போகும், பேசாமல் இரு என்றார். பேசாமல் இருந்தேன். நான்கு நாள் கழித்து டோசர் வந்து பாதையைச் சமன்செய்தது. அந்த மேடு என்னவாக இருந்தது என்று யாருக்கும் இனி தெரியாது. மீனவர் குடிசையாக இருந்திருக்கலாம், கிணற்றடிக் கொட்டகையாக இருந்திருக்கலாம். அது எதுவாக இருந்தாலும், பார்த்தவன் நான். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டவனும் நான்.

2020 ஜனவரியில், அங்கே வேலையில் இருக்கும் மகனோடு சர் பனி யாஸுக்குப் போனேன். மடத்தின் மேல் கூரை போட்டு, சுற்றி வர நடைபாதை அமைத்து, அதற்கு முந்தைய வருஷம்தான் புதுப்பித்துத் திறந்திருந்தார்கள். சுவர்கள் முழங்கால் உயரம்தான். கல்லும் பவளப்பாறையும் வைத்துக் கட்டி, சுண்ணம் பூசியிருக்கிறார்கள். பூச்சு சில இடங்களில் இன்னும் வழவழப்பாக இருக்கிறது. மகன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். நான் ஒரு சிற்றறையின் மூலையைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். சுவரின் கனம், அது திரும்பும் விதம், பக்கத்து அறைக்கு விட்ட இடைவெளி. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அந்த மேட்டில் நிழலாக விழுந்த கோடுகள் இப்படித்தான் திரும்பின. அதனால் அதுவும் மடம் என்று சொல்லமாட்டேன். சொல்ல எனக்கு உரிமை இல்லை, சொல்ல முடியாதபடி செய்ததில் என் பங்கும் இருக்கிறது.

அந்த ஓடு இன்னும் என் வீட்டில் இருக்கிறது. அதை எடுத்துவந்தது தவறு, சட்டப்படியும் தவறு. அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. அந்தக் குழாய்ப்பாதையில் நான் அடித்த ஒவ்வொரு முளைக்கும் கிழக்குத் தூரம், வடக்குத் தூரம், மட்டம் என்று மூன்று எண் எழுதினேன், மில்லிமீட்டர் சுத்தமாக. இந்த ஓட்டுக்கு மட்டும் ஒரு எண்கூட எழுதவில்லை. ஃபீல்டு புக் கம்பெனியோடு போய்விட்டது. எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், பக்கத்தில் என்ன இருந்தது என்று தெரியாத ஓட்டை எந்த ஆய்வாளர் கையில் கொடுத்தாலும் அவரால் நிறத்தையும் மெருகையும் மட்டும்தான் சொல்ல முடியும். நினைவில் இருக்கிற அளவுக்கு வழித்தடத்தை ஒரு தாளில் வரைந்திருக்கிறேன். மகன் அடுத்த விடுமுறைக்கு வரும்போது, அபுதாபியின் பண்பாட்டுத் துறைக்கு முறைப்படி எழுதிக் கேட்டு, ஓட்டையும் அந்தத் தாளையும் சேர்த்தே ஒப்படைப்பதாக முடிவு செய்திருக்கிறோம்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது இரண்டு. முதலாவது, அந்தத் தலைப்புக்கு ஒரு திருத்தம் போடுங்கள். மடம் 1990-களில் கண்டறியப்பட்டது, 2025-இல் கிடைத்த சிலுவை அதையொட்டிய வீடுகள் யாருடையவை என்ற கேள்விக்கு விடை சொன்னது என்று நான்கு வரி போதும். இனிமேல் இப்படிச் செய்தி வந்தால், ஆய்வாளர்கள் இருக்கலாம் என்று சொன்னதை நீங்களும் இருக்கலாம் என்றே போடுங்கள். நம் வாசகர்களுக்கு அது புரியாமல் போகாது.

இரண்டாவதுதான் முக்கியம். உங்கள் பத்திரிகையைக் கைப்பேசியில் படிக்கிறவர்களில் ஆயிரக்கணக்கானோர் வளைகுடாவில் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் நான் பார்த்த அதே வேலையில் இருக்கிறார்கள். சர்வேயர், ஹெல்பர், டோசர் ஓட்டுநர், கேபிள் போடக் குழி தோண்டுகிறவர். தொல்லியல் ஆய்வாளர் ஒரு இடத்துக்கு வருவதற்கு முன்பே அந்த இடத்தை மிதிப்பவர்கள் இவர்கள்தான். இப்போது பெரிய வேலைகளுக்கு முன்பே தொல்பொருள் பார்வை நடக்கிறது, நான் இருந்த காலம் மாதிரி இல்லை. இருந்தாலும் கண்ணுக்குத் தப்புவது இருக்கும். கண்டதைத் தெரிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். தெரிவித்தால் வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது, அது எனக்கு நன்றாகவே தெரியும். அவர்களுக்காக ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். நான் எழுதுவதை அப்படியே எடுத்துக்கொண்டாலும் சரி.

காலை வெயிலில் தரையில் நேர்கோணமாகக் கோடு தெரிந்தால், மெருகு பூசிய ஓடோ வடிவம் செதுக்கிய சுதைத் துண்டோ கிடந்தால், எடுக்காதீர்கள், புரட்டாதீர்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். பக்கத்தில் பேனாவையோ உங்கள் பாதணியையோ வைத்து ஒரு படம், சற்றுத் தள்ளி நின்று சுற்றுப்புறம் தெரிய இன்னொரு படம். கைப்பேசியில் இருப்பிடத்தைச் சேமியுங்கள். தேதியும் நேரமும் எழுதிக்கொள்ளுங்கள். மேலதிகாரியிடம் வாயால் சொல்லாமல் எழுத்தில் அனுப்புங்கள், அந்த ஊர்ப் பண்பாட்டுத் துறைக்கும் ஒரு பிரதி போகட்டும். அது மடம்தானா என்று நீங்கள் யோசிக்க வேண்டாம். அதைச் சொல்ல அவர்கள் இருக்கிறார்கள். எந்த இடம் என்று சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர்
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன், வெளியிட வேண்டாம்.)